தழும்பின் இடம்: மார்பக உள்வைப்பு அறுவையில் கீறல் வழித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் வரம்பும்

மார்பக உள்வைப்பு அறுவை என்பது, சிலிகான் ஓட்டுக்குள் சிலிகான் ஜெல்லையோ உப்புநீரையோ அடக்கிய ஒரு பையை, மார்பகத் திசுவுக்கு அடியிலோ மார்புத் தசைக்கு அடியிலோ அமைக்கப்படும் அறையில் வைத்து, மார்பகத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றவோ மீட்கவோ செய்யப்படும் சிகிச்சையாகும். மருத்துவர்களும் நோயாளிகளும் ‘இம்பிளான்ட்’ என்று வழங்கும் அந்தப் பையே இக்கட்டுரையில் உள்வைப்பு எனப்படுகிறது. அந்தப் பை உள்ளே செல்வதற்காகத் தோலில் போடப்படும் வெட்டு கீறல் எனப்படும். கீறல் ஆறிய பின் எஞ்சுவது தழும்பு; ஆறிய உடலில் வெளியே தெரிவது அது ஒன்றுதான் என்பதால், கீறலை எங்கே போடுவது என்னும் கேள்வி பெரும்பாலும் தழும்பை எங்கே மறைப்பது என்னும் கேள்வியாகவே சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்குவது பிழை என்பதும், கீறலின் இடம் தொற்று, தாய்ப்பால், உணர்ச்சி, மறு அறுவை, அன்றாட உழைப்பு ஆகிய ஐந்தோடும் பிணைந்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

இக்கேள்வி தமிழ்நாட்டில் வசதி படைத்தோரின் தனியார் மருத்துவமனைகளோடு நின்றுவிடவில்லை. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மார்பக உள்வைப்பு உள்ளிட்ட அழகியல் அறுவைகளை ஏழைகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். உயிர் காக்கும் சிகிச்சைகளுக்குச் செலவிட வேண்டிய பொதுப்பணம் இதற்குப் போகலாமா என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. இரு மார்பகங்களும் பெரிதும் ஏற்றத்தாழ்வாக வளர்ந்த பெண்களும், அளவு மீறிய மார்பகச் சுமையால் தோள்வலியும் முதுகுவலியும் சுமப்போரும் வெளியே சொல்லாமல் படும் துன்பத்திற்கு மருத்துவத்தில் இடம் உண்டு என்பது மறுபக்க வாதமாக இருந்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், அரசு மருத்துவமனையின் வாசலுக்கு இச்சிகிச்சை வந்துவிட்ட பிறகு, மரக்காணம் உப்பளக் கரையிலும் இடையஞ்சாவடி போன்ற வானூர் வட்டாரக் கிராமங்களிலும் வாழும் பெண்களும் இத்தேர்வைச் செய்ய வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய உடலையும் உழைப்பையும் கணக்கில் கொள்ளாத எந்த வழிகாட்டுதலும் முழுமையானது ஆகாது.

2. வரலாற்றுப் பின்புலம்

மார்பகத்தின் இழந்த வடிவை மீட்கும் முயற்சிகளில் முதலாவதாகப் பலரும் குறிப்பிடுவது, 1895இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி செய்த அறுவையாகும். கட்டி அகற்றப்பட்ட மார்பகத்தின் பள்ளத்தை அவர் அதே பெண்ணின் உடலிலிருந்து எடுத்த கொழுப்புக் கட்டியால் நிரப்பினார். அதன் பின்னர் பாரபின் மெழுகையும் திரவ சிலிகானையும் ஊசி வழியே செலுத்திய முயற்சிகள் கடுமையான கேடுகளில் முடிந்தன. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ ஆகிய இருவரும் சிலிகான் ஜெல் அடைத்த முதல் உள்வைப்பைப் பொருத்தியபோது, கீறலின் காலம் தொடங்கியது.

தொடக்கத்தில் மார்பகத்தின் கீழ் மடிப்பே இயல்பான வழியாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பு வழியும், 1973இல் ஹோலர் விவரித்த அக்குள் வழியும் சேர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் தொப்புள் வழியை ஹூஸ்டனின் ஜெரால்டு ஜான்சன் அறிமுகப்படுத்தினார். நுனியில் கேமராவும் விளக்கும் கொண்ட எண்டோஸ்கோப் குழாய் அதே காலத்தில் அக்குள் வழிக்குப் புத்துயிர் தந்தது. இவ்வாறு 30 ஆண்டுகளில் நான்கு வழிகளும் உருவாகிவிட்டன.

இதற்கிடையே உள்வைப்பின் பாதுகாப்பைப் பற்றிய ஐயங்களும் வளர்ந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992இல் சிலிகான் ஜெல் உள்வைப்புகளின் பொதுப் பயன்பாட்டை நிறுத்திவைத்து, 2006இல் மீண்டும் அனுமதித்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவில் உப்புநீர் உள்வைப்பே பெருவழக்காயிற்று. காலியான ஓட்டை உள்ளே செலுத்திப் பின்னர் நிரப்பலாம் என்பதால் கீறல் சிறியதாக இருக்க முடிந்தது. தொப்புள் வழி செழித்ததற்கும் இதுவே காரணம். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற தொழிற்சாலை சிலிகானை அடைத்து விற்றது 2010இல் அம்பலமாயிற்று. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட உள்வைப்புகளுக்கும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டதால், அல்லெர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் பயோசெல் வகை உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்நிகழ்ச்சிகள் கீறலோடு தொடர்பற்றவை போலத் தோன்றினும், உள்ளே வைத்ததை ஒருநாள் வெளியே எடுக்க நேரும் என்ற உண்மையை அறுவை மருத்துவர்களுக்கு அழுத்தமாக உணர்த்தியவை இவையே.

3. கீறலுக்கு முன் முடிவாக வேண்டியவை

கீறலின் இடம் முதல் முடிவன்று. மூன்று முடிவுகளுக்குப் பின்னர் வரும் நான்காவது முடிவு. முதலாவது உள்வைப்பின் வகை. இந்தியாவில் பெரும்பாலும் பயன்படும் சிலிகான் ஜெல் உள்வைப்பு தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டது. அதைச் சுருக்க முடியாது என்பதால் பொதுவாக 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ள கீறல் தேவைப்படுகிறது. உப்புநீர் வகைக்கு 3 செ.மீ. அளவே போதும். கீறலைத் தேவைக்கு மேல் சிறிதாக்கி ஜெல் உள்வைப்பைத் திணித்தால், ஜெல்லின் ஒட்டுத்தன்மை உள்ளுக்குள் முறிந்து வடிவம் கெடுவதும் ஓடு பலவீனப்படுவதும் உண்டு. ஆகவே ‘சிறிய தழும்பு’ என்ற வாக்குறுதி எப்போதும் நன்மை ஆகாது.

இரண்டாவது, உள்வைப்பு அமரும் தளம். பால் சுரப்பித் திசுவுக்கு அடியிலா, மார்புத் தசையை மூடிய சவ்வுக்கு அடியிலா, பெரிய மார்புத் தசைக்கு அடியிலா, அல்லது மேல்பாதி தசையாலும் கீழ்ப்பாதி சுரப்பியாலும் மூடப்படும் இரட்டைத் தளத்திலா என்பது தோலின் தடிப்பைப் பொறுத்தது. மெலிந்த உடலில் மேல்பகுதித் தோலையும் கொழுப்பையும் விரல்களால் பற்றி அளக்கும்போது தடிப்பு 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், உள்வைப்பின் விளிம்பு வெளியே தெரியாதிருக்கத் தசையின் மறைவு வேண்டும். 2001இல் ஜான் டெபெட்ஸ் விவரித்த இரட்டைத் தளத்தைத் துல்லியமாக அமைக்கக் கீழ் மடிப்பு வழியே மிக வசதியானது.

மூன்றாவது, மார்பகத்தின் தற்போதைய வடிவம். தொங்கல் இருந்து, தோலைக் குறைத்து உயர்த்தும் அறுவையும் கூடவே தேவைப்பட்டால், அதற்கான கீறல் எப்படியும் கருவட்டத்தைச் சுற்றி அமையும். அப்போது உள்வைப்புக்கென வேறொரு கீறல் தேடுவது வீண். வயிற்றுத் தோலைச் சீரமைக்கும் அறுவையோடு சேர்த்துச் செய்யும்போது அடிவயிற்றுக் கீறல் வழியே உள்வைப்பை மேலேற்றும் முறையும் உண்டு. அது அரிதாகவே பொருந்தும்.

4. நான்கு வழிகள்

கீழ் மடிப்பு வழி

மார்பகம் மார்புச் சுவரோடு சேரும் கீழ்க் கோட்டில் போடப்படும் இக்கீறலே உலக அளவில் மிகுதியாகப் பயன்படுவது. பால் நாளங்களை வெட்டாமல், சுரப்பியைக் கடக்காமல், அறை முழுவதையும் நேரடியாகக் கண்ணால் பார்த்தபடி அறுவை செய்ய இது இடம் தருகிறது. இரத்தக் கசிவை அந்தந்த இடத்திலேயே கண்டு நிறுத்தலாம். இருபக்க அறைகளையும் ஒப்பிட்டுச் சமன் செய்யலாம். பின்னாளில் உள்வைப்பை மாற்றவோ எடுக்கவோ நேர்ந்தால் அதே தழும்பைத் திறந்து உள்ளே செல்லலாம் என்பது இதன் மிகப் பெரிய பயன்.

இவ்வழியின் நுட்பம் முழுவதும் கோட்டை எங்கே வரைவது என்பதில் அடங்கியிருக்கிறது. உள்வைப்பு வைத்ததும் கீழ்ப்பகுதித் தோல் இழுபட்டு, வயிற்றுத் தோலின் ஒரு பகுதி மார்பகத்திற்குள் சேர்ந்துகொள்வதால், பழைய மடிப்பில் போட்ட கீறல் மார்பகத்தின் மேலேறித் தெரியத் தொடங்கும். எனவே மருத்துவர் அறுவைக்கு முன், மயக்க மருந்து தரப்படுவதற்கு முன்பே, நோயாளியை நேராக நிற்கவோ அமரவோ வைத்துத் தோல் பேனாவால் குறியிடுகிறார்: முதலில் கழுத்துக் குழியிலிருந்து கீழே நடுக்கோடு, பிறகு இப்போதுள்ள மடிப்பு, பிறகு முலைக்காம்பை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துத் தோல் முழுவதும் விரிந்த நிலையில் காம்பிலிருந்து மடிப்பு வரையுள்ள தூரம். ஏறத்தாழ 300 மில்லி உள்வைப்புக்கு அந்தத் தூரம் 8 செ.மீ. அளவில் இருக்க வேண்டும் என்பது டெபெட்ஸ் 2005இல் வகுத்த அளவைகளில் ஒன்று. இப்போதுள்ள தூரம் 6 செ.மீ. எனில் புதிய மடிப்பு 2 செ.மீ. கீழே அமையும், கீறலும் அங்கேதான் போடப்படும். படுக்கவைத்த பின் தோல் நழுவிவிடும் என்பதால், நின்ற நிலையில் வரைந்த அந்தக் கோடு அறுவை அறையில் மாற்றப்படுவதில்லை. மூடும்போது ஆழ்ந்த தையல்களால் புதிய மடிப்பை மார்புச் சுவரோடு பிணைக்காவிட்டால், உள்வைப்பு கீழே இறங்கித் தழும்பும் இடம் பெயரும்.

இதன் குறை, தழும்பு மார்பகத்தின் மேலேயே இருப்பதுதான். மடிப்பே தெரியாத அளவுக்குச் சிறிய மார்பகத்தில் படுத்த நிலையில் அது வெளிப்படும்.

கருவட்ட விளிம்பு வழி

கருவட்டத்தின் கீழ்ப்பாதியில், கடிகார முள் 3 முதல் 9 வரை செல்லும் அரைவட்டமாக, கருந்தோலும் வெளிர்தோலும் சந்திக்கும் எல்லையிலேயே இக்கீறல் போடப்படுகிறது. நிறமாற்றத்தின் எல்லையில் தழும்பு கலந்துவிடுவதால், நன்றாக ஆறினால் தேடினாலும் எளிதில் தெரியாது. மார்பகத்தின் நடுப்புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளுக்கும் எட்ட முடிவதால், கீழ்ப்பகுதி குறுகிக் கூம்பிய பிறவி வடிவக் குறையைத் திருத்த இது சிறந்த வழி.

இதற்குக் கணக்கிலேயே ஒரு வரம்பு இருக்கிறது. கருவட்டத்தின் விட்டம் 4 செ.மீ. எனில் அரைவட்ட நீளம் ஏறத்தாழ 6.3 செ.மீ.; 3 செ.மீ. எனில் 4.7 செ.மீ.; 2.5 செ.மீ. எனில் 3.9 செ.மீ. மட்டுமே. ஆகவே சிறிய கருவட்டம் உடையவர்களுக்குப் பெரிய ஜெல் உள்வைப்பு இவ்வழியே நுழையாது. இதைவிட முக்கியமானது, இக்கீறல் பால் நாளங்கள் குவியும் இடத்திற்கு மிக அருகில் அமைவது. நாளங்கள் வெட்டுப்பட்டால் பின்னாளில் பால் குறையலாம் என்பதால், குழந்தைப் பேறு இன்னும் எதிர்பார்க்கும் பெண்ணுக்கு இவ்வழியைப் பரிந்துரைப்பதில் பலரும் தயங்குகிறார்கள். காம்பின் உணர்ச்சி, நான்காம் விலா இடை நரம்பின் பக்கக் கிளையால் முதன்மையாகத் தாங்கப்படுவது; அந்நரம்பு வெளிப்பக்கத்திலிருந்து வருவதால், உணர்ச்சி இழப்புக்குக் கீறலின் இடத்தைவிட உள்வைப்பின் பெரும் அளவே காரணம் எனக் காட்டிய ஆய்வுகளும் உள்ளன.

அக்குள் வழி

அக்குளின் இயல்பான சுருக்கத்திற்குள் சுமார் 4 செ.மீ. அளவில் கீறி, மார்புத் தசையின் விளிம்பைப் பற்றி அதன் அடியில் சுரங்கம்போல் சென்று அறையை அமைப்பது இம்முறை. மார்பகத்தின் மேல் தழும்பே இராது என்பது இதன் ஈர்ப்பு. தழும்பு தடிக்கும் இயல்பும் சிறிய கருவட்டமும் மடிப்பு தெளிவற்ற மார்பகமும் மிகுதியாகக் காணப்படும் தென் கொரியாவிலும் சீனாவிலும் இது வெகுகாலமாகச் செல்வாக்குப் பெற்றிருக்கிறது.

எண்டோஸ்கோப் இல்லாமல் செய்யப்படும்போது, தசையின் கீழ் இணைப்புகளை மருத்துவர் கைத்தடவலாலேயே பிரிக்க நேர்கிறது. இரத்தக் கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரிப்பு குறைந்தால் உள்வைப்பு மேலேயே தங்கிவிடும். எண்டோஸ்கோப் இக்குறைகளைப் பெரிதும் குறைத்தாலும், கருவியும் பயிற்சியும் வேண்டும். மேற்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இக்கீறலுக்கு அருகில் செல்வதால், சிலருக்கு அப்பகுதி மரத்துப்போகும். மறு அறுவை நேர்ந்தால் அக்குள் தழும்பு பெரும்பாலும் உதவாது. மடிப்பில் இரண்டாவது கீறல் தேவைப்படும். மறைந்திருந்த ஒரு தழும்பு இரண்டு தழும்புகளாவது இவ்வழியின் நெடுங்கால விலை.

தொப்புள் வழி

தொப்புளின் விளிம்பில் கீறி, கொழுப்படுக்கு வழியே நீண்ட குழாயைச் செலுத்தி, காலியான உப்புநீர் ஓட்டைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி உள்ளே அனுப்பி, அங்கே நிரப்பும் முறை இது. ஜெல் உள்வைப்புக்கு இது பொருந்தாது. அறையைத் துல்லியமாகச் சீர்செய்யவும் முடியாது. ஜெல்லே பெருவழக்காகிவிட்ட இன்றைய நிலையில் இது வரலாற்றில் ஒரு கட்டமாகவே கருதத்தக்கது.

5. தொற்றும் உறைச் சுருக்கமும்

உடலுக்குள் வைக்கப்படும் எந்த அயற்பொருளைச் சுற்றியும் உடல் ஒரு மெல்லிய நார்த்திசு உறையைப் பின்னுகிறது. சிலருக்கு அந்த உறை இறுகித் தடித்து உள்வைப்பை நெருக்குகிறது. மார்பகம் கல்போல் கெட்டிப்பட்டு, வடிவம் கெட்டு, வலி எடுக்கிறது. உறைச் சுருக்கம் எனப்படும் இந்நிலையை ஜேம்ஸ் பேக்கர் நான்கு படிகளாக வகுத்தார்: முதற்படியில் மார்பகம் இயற்கைபோல் மென்மையாக இருக்கும், இரண்டாம் படியில் சற்றுக் கெட்டியாகும், ஆனால் பார்வைக்கு இயல்பாகவே தோன்றும், மூன்றாம் படியில் வடிவக்கேடு கண்ணுக்குத் தெரியும், நான்காம் படியில் வலியும் சேரும். மறு அறுவைக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

இதற்குக் காரணங்கள் பல என்றாலும், உள்வைப்பின் மேல் நுண்ணுயிர்கள் ஒட்டி அமைக்கும் பசைப்படலம் ஒரு முக்கியக் காரணம் என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. தோலில் இயல்பாக வாழும் ஸ்டெபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பால் நாளங்களுக்குள்ளும் இருக்கின்றன; கருவட்டக் கீறல் அந்நாளங்களை வெட்டித் திறக்கும்போது அவை உள்வைப்பைத் தொடும் வாய்ப்பு மிகுகிறது. அக்குளும் வியர்வைச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் நிறைந்த, நுண்ணுயிர் செறிந்த இடமே. கருவட்ட வழியிலும் அக்குள் வழியிலும் உறைச் சுருக்கம் மடிப்பு வழியைவிட மிகுதி எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மற்றக் காரணிகளைச் சமன்செய்து பார்க்கும்போது வேறுபாடு குறைகிறது எனச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. எனினும், மடிப்பு வழி மற்றவற்றைவிட மோசமானது என்று தொகுப்பு ஆய்வுகள் எதுவும் நிறுவவில்லை என்பதே முடிவெடுக்கப் போதுமான செய்தி. வில்லியம் ஆடம்ஸ், ஆனந்த் தேவா முதலியோர் முன்வைத்த 14 அம்ச நடைமுறை, கருவட்டக் கீறலைத் தவிர்ப்பது, காம்பின் மேல் ஒட்டுத்திரை இடுவது, அறையைக் கிருமி கொல்லும் கரைசலால் கழுவுவது, உள்வைப்பைத் தொடும் முன் கையுறை மாற்றுவது, வழுக்கும் கூம்பு உறை வழியே தோலைத் தொடாமல் உள்ளே செலுத்துவது ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் சேர்க்கிறது. கீறலின் இடம் இத்தொகுப்பில் ஓர் உறுப்பு. மற்ற உறுப்புகளைக் கைவிட்டு இடத்தை மட்டும் நம்புவதில் பயனில்லை.

6. தென்னாட்டுத் தோலும் தழும்பும்

மேலை நாட்டு நூல்களில் உள்ள தழும்பு மதிப்பீடுகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கருநிறத் தோலில் தழும்பு கறுத்து நிற்பதும், சிவந்து புடைத்துத் தடிப்பதும், காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும் கீலாய்டு என்னும் மிகைவளர்ச்சியாவதும் கூடுதலாகக் காணப்படுகின்றன. நடு மார்பெலும்பும் தோளும் காதுமடலும் கீலாய்டு எளிதில் வளரும் இடங்கள். ஆகவே மடிப்புக் கீறலை நடுமார்பின் பக்கம் நீட்டாமல் வெளிப்பக்கமாக நகர்த்துவது நல்லது. காது குத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசித் தழும்பிலோ சிசேரியன் தழும்பிலோ கீலாய்டு வளர்ந்திருக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் அறிவது, விலையுயர்ந்த எந்தப் பரிசோதனையையும்விட நம்பகமான முன்னறிவிப்பைத் தரும். ஏற்கெனவே கீலாய்டு உள்ளவர்களுக்கு, எந்த வழியும் தழும்பைத் தவிர்க்காது என்ற உண்மையை முதலில் சொல்லி, தழும்பு தடித்தால் மார்பகத்தின் மேலா அக்குளிலா எது தாங்கக்கூடியது என்பதை அவர்களையே முடிவு செய்யவிடுவது முறை.

7. புற்றுநோய்க்குப் பின் மறுசீரமைப்பு

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் விழுப்புரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் நாடிச்செல்லும் இடங்கள். மார்பகத்தை இழந்தவர்களுக்குக் கீறல் தேர்வு வேறொரு தன்மை பெறுகிறது. மார்பகம் முன்பே அகற்றப்பட்டிருந்தால், புதிய தழும்பு தேடாமல் பழைய தழும்பின் வழியே உள்ளே சென்று, தோலைச் சிறிது சிறிதாக விரிக்கும் பையை முதலில் வைத்து, வாரந்தோறும் உப்புநீர் ஏற்றி இடம் உண்டான பின்னர் நிலையான உள்வைப்பாக மாற்றுவது வழக்கம்.

அகற்றும் அறுவையும் மறுசீரமைப்பும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, காம்பைக் காக்கும் அறுவையில் கீழ் மடிப்புக் கீறல் அல்லது வெளிப்பக்க ஆரக் கீறல் விரும்பப்படுகிறது. கருவட்டத்தைச் சுற்றிய நீண்ட கீறல் காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தோல் கருகும் இடரை மிகுவிக்கிறது. புற்று முழுவதும் அகலுவதே இங்கே முதல் நோக்கம் என்பதால், கட்டியின் இடமே கீறலை முடிவு செய்யும். அழகு அதற்குப் பின். கதிர்வீச்சு பெற்ற தோலில் உறைச் சுருக்கமும் ஆறாத புண்ணும் மிகுதி என்பதால், அத்தகையோருக்கு முதுகுத் தசையையோ வயிற்றுத் திசுவையோ கொண்டு மார்பகம் அமைப்பதே பல நேரங்களில் நல்லது.

8. திருநங்கையருக்கான சிறப்புக் கூறுகள்

விழுப்புரம் பகுதியில் கீறல் தேர்வுக் கேள்வியை எழுப்புவோரில் திருநங்கையர் முக்கியமானவர்கள். ஆண்டுதோறும் கூத்தாண்டவர் விழாவுக்கு அவர்கள் திரளும் கூவாகம் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துள்ளது. 2008இல் திருநங்கையர் நல வாரியத்தை நாட்டிலேயே முதலாவதாக அமைத்த தமிழ்நாடு, பாலின மாற்று அறுவையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யவும் வழிவகுத்தது.

இவர்களின் மார்பு அகலமானது, மார்புத் தசை தடித்தது, கருவட்டம் சிறியது, காம்பிலிருந்து மடிப்பு வரையுள்ள தூரம் குறைவு. மேலே கண்ட கணக்கின்படி கருவட்ட வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. மடிப்பு வழியைத் தேர்ந்தால் மடிப்பையே புதிதாகக் கீழே அமைக்க வேண்டும்; குறி தவறினால் தழும்பு மார்பகத்தின் மேலேறும். ஹார்மோன் சிகிச்சையைக் குறைந்தது 12 மாதம் எடுத்துத் திசு வளர்ந்த பின் அறுவை செய்தால் மடிப்பு தெளிவாகி இச்சிக்கல் தணியும் என்பதால், காத்திருப்பதும் கீறல் தேர்வின் ஒரு பகுதியே ஆகிறது. அக்குள் வழி இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தக்கூடியது. எண்டோஸ்கோப் பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்தால் மட்டுமே அதைப் பரிந்துரைக்கலாம்.

9. உழைப்பும் பருவமும்

அறுவை நூல்கள் அரிதாகவே பேசும் ஒரு கூறு நோயாளியின் தொழில். மரக்காணம் உப்பளத்தில் ஒரு பெண்ணின் வேலை நாள் முழுவதும் கைகளாலும் தோள்களாலும் நடப்பது: பாத்தியில் விளைந்த உப்பை மரப்பலகையால் தன்னை நோக்கி இழுத்துக் குவிக்கும்போது மார்புத் தசை ஒவ்வோர் இழுப்பிலும் சுருங்குகிறது, நிரம்பிய கூடையைத் தலைக்கு ஏற்றும்போது இரு கைகளும் காதுக்கு மேலே உயர்ந்து அக்குள் முழுவதும் விரிகிறது, வெயிலும் உப்புநீரும் வியர்வையும் ரவிக்கையை நனைத்து, அதன் கீழ் விளிம்பு மார்பு மடிப்பில் உரசிக்கொண்டேயிருக்கிறது. இந்த உடலுக்கு அக்குள் தழும்பு ஒவ்வொரு சுமையிலும் இழுபடும்; மடிப்புத் தழும்பு உரசலிலும் ஈரத்திலும் புண்படும்; தசைக்கு அடியில் வைத்த உள்வைப்பு இழுப்புக்கு இழுப்பு அசைந்து இடம் மாறலாம்.

ஆகவே இத்தகையோருக்கு மடிப்பு வழியோடு சவ்வுக்கு அடித்தளம் அல்லது தசையைக் குறைவாகத் தொடும் இரட்டைத் தளம் பொருத்தமாகலாம்; கீறலை ரவிக்கை விளிம்பு நேராக அழுத்தாத உயரத்தில் அமைக்க, குறியிடும் நாளில் நோயாளி தன் வழக்கமான ரவிக்கையை அணிந்து வந்து காட்டுவது எளிய, பயனுள்ள நடைமுறை. அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரம் சுமை தூக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீரில் மூழ்கி உற்பத்தி நின்றுவிடும் மாதங்கள் இந்த ஓய்வுக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. அம்மாதங்களில் கூலியும் இல்லை என்பதால், பயணச் செலவையும் ஓய்வுக் கால வருமானத்தையும் மருத்துவச் செலவின் பகுதியாகவே அரசுத் திட்டம் எண்ண வேண்டும்.

10. ஒப்புதலும் உரையாடலும்

சமிரா கோஹ்லி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், இடர்கள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிப் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்று தெளிவுபடுத்தியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில், உள்வைப்பு வாழ்நாள் கருவி அன்று என்ற எச்சரிக்கையையும், நோயாளி ஒவ்வொன்றாகப் படித்து உறுதி செய்யும் பட்டியலையும் கட்டாயமாக்கியது. ஜெல் உள்வைப்பு உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாதிருக்கலாம் என்பதால், 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் முறையும் அதன் பின்னர் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுகிறது. இருபது வயதில் உள்வைப்புப் பெறும் பெண் தன் வாழ்நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகளை எதிர்பார்க்க வேண்டியவள்.

இத்தகவல்கள் ஆங்கில அச்சுப்படிவத்தில் கையெழுத்துக்கு நீட்டப்படும்போது ஒப்புதல் பெயரளவில் நின்றுவிடுகிறது. மார்பகம் பற்றிய பேச்சே நாணத்தால் அடங்கிப்போகும் குடும்பங்களில் வளர்ந்த பெண், ‘டாக்டர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே’ என்று சொல்லிவிடுவாள். அவள் பாலூட்ட விரும்புகிறாளா, கீலாய்டு உண்டா, என்ன வேலை செய்கிறாள், மறு அறுவைக்கு மீண்டும் சென்னை வரை போக இயலுமா என்னும் கேள்விகளை மருத்துவரே எழுப்ப வேண்டும். பெண் செவிலியர் ஒருவர் உடனிருந்து, தமிழில், படம் வரைந்து, ஒவ்வொரு கீறலின் தழும்பும் ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கும் என்று காட்டி விளக்கும் ஒரு மணி நேரம், அறுவை அறையின் எந்தக் கருவிக்கும் குறையாத மதிப்புடையது.

11. முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், சிலிகான் ஜெல் உள்வைப்பை முதன்முறை பெறுவோர்க்கு, தடை ஏதும் இல்லாதவிடத்து, கீழ் மடிப்பு வழியே அடிப்படைத் தேர்வாக இருக்கத் தகும். காரணம், அது நேரடிப் பார்வையைத் தருகிறது, பால் நாளங்களைத் தொடுவதில்லை, தொற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த அறுவைக்கும் அதே வாயில் பயன்படுகிறது. கருவட்ட வழி, போதிய விட்டமும் பிறவி வடிவக் குறையும் இருந்து, பாலூட்டும் எதிர்பார்ப்பு இல்லாதோர்க்குச் சிறக்கும். அக்குள் வழி, மார்பகத்தின் மேல் தழும்பை ஏற்கவே இயலாத, மடிப்பு தெளிவற்ற உடலுக்கு, எண்டோஸ்கோப் கைவந்த மருத்துவரிடத்தில் மட்டும் பொருந்தும். புற்றுநோய்க்குப் பின்னரோ, கட்டியும் பழைய தழும்பும் கதிர்வீச்சும் இவ்விதிகளைக் கடந்து முடிவு சொல்லும்.

எந்தத் தேர்வும் அவ்வுடலில் வாழப்போகும் பெண்ணின் வாழ்வைக் கேட்டறியாமல் சரியாக அமையாது. ஏழைக்கும் அழகியல் அறுவை கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்த ஒரு மாநிலம், அந்த அறுவையை இலவசமாக்குவதோடு, தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவையும், குணமடையத் தேவையான ஓய்வையும், பத்தாண்டுகளுக்குப் பின் நேரக்கூடிய மறு அறுவையையும் சேர்த்தே வழங்கக் கடமைப்பட்டது. இடையஞ்சாவடியிலிருந்து வரும் பெண்ணுக்கும் சென்னை நகரப் பெண்ணுக்கும் கிடைக்கும் கீறல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதற்கான விளக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.